அவள் சொன்ன செவ்வாய்க்கிழமை

எங்கள் வகுப்பில் ஒன்பது பேர். அந்த வருடம் உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்த பெண்கள் அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில், துறைமுகத் தண்ணீர் தெரிகிற மூலை அறையை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நாங்கள் படித்த வருடங்கள் மோசமானவை. முதலில் தொற்றுநோய் என்று பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். திறந்தபோது பஸ் ஓட டீசல் இல்லை, வினாத்தாள் அடிக்கக் கடதாசி இல்லை. கணக்கு டீச்சர்தான் எங்கள் வகுப்பாசிரியை. அவர் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுவார். பழைய கொப்பிகளில் மிஞ்சிக் கிடந்த பக்கங்களில் நாங்கள் செய்வோம்.

என் பக்கத்துக் கதிரையில் இருந்தவளைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவளுடைய ஊர் இலங்கைத்துறை. அங்கே கணிதம் படிக்க வசதி இல்லாததால் நகரத்தில் சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்தாள். தகப்பன் கடற்றொழிலாளி. அவளுடைய எழுத்து கடுகளவு. ஒரு பக்கத்தில் நான் இரண்டு கணக்குச் செய்தால் அவள் ஆறு செய்வாள். நான் முழிப்பதைக் கண்டால் கேட்காமலே கொப்பியை என் பக்கம் திருப்புவாள். நான் எந்த வரியில் பிழைவிட்டேன் என்று பென்சில் முனையால் தொட்டுக் காட்டுவாள். அதற்குமேல் ஒரு சொல் சொல்லமாட்டாள்.

பிரியாவிடை நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. உயர்தரச் சோதனைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. கீழ் வகுப்புப் பிள்ளைகள் வேப்பங்கொத்தும் போகன்விலாவும் கட்டி அறையை அலங்கரித்திருந்தார்கள். கேக் அடிக்க மாவும் இல்லை, சமையல் காஸும் இல்லை. மரவள்ளிக்கிழங்கு அவித்து, சம்பலோடு தந்தார்கள். நாங்கள் ஒன்பது பேரும் சேலை. அவள் சின்னம்மாவின் ஊதாச் சேலையில் வந்தாள். சட்டை அவளுக்குப் பெரிது. முதுகில் நாலு ஊசி குத்தி இழுத்துப் பிடித்திருந்தது.

முதலில் பழைய கதைகள். ஆறாம் வகுப்பின் முதல் நாள் யார் அழுதது, இரசாயனக் கூடத்தில் குடுவையை உடைத்துவிட்டுப் பூனையின் தலையில் பழியைப் போட்டது யார் என்றெல்லாம். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு டீச்சர் சொன்னார்:

“இனி ஒவ்வொருத்தரா எழும்பிச் சொல்லுங்கோ. பத்து வருசத்தில எங்க இருப்பீங்கள், என்ன செய்வீங்கள்?”

கிண்ணியாவிலிருந்து வருகிற பிள்ளை முதலில் எழும்பினாள். தான் எஞ்சினியராகி, முதலில் தங்கள் வீட்டு ஒழுங்கைக்குத் தார் போடுவாளாம். மற்ற ஊர் ரோட்டெல்லாம் பிறகுதானாம். தம்பலகாமத்துப் பிள்ளை, யானை முறிக்க ஏலாத வேலி ஒன்று கண்டுபிடிப்பேன் என்றாள். நான் வெளிநாட்டில் பெரிய கம்பனியில் வேலை என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துகொண்டேன். அவள் கடைசியாக எழும்பினாள்.

“நான் இந்தப் பள்ளிக்கூடத்திலதான் இருப்பன். இதே அறையில கணக்குப் படிப்பிப்பன். உங்கட பிள்ளையள் எல்லாம் என்னட்டத்தான் படிக்க வரும்.”

எல்லாரும் கை தட்டினோம். டீச்சர் எழும்பிப் போய் அவளைக் கட்டிப்பிடித்தார்.

விழா முடிந்து இரண்டு பேரும் கடற்கரை ரோட்டால் நடந்தோம். சேலையில் நடக்கத் தெரியாமல் தடுக்கித் தடுக்கி வந்தாள். நகரத்துக்குள் திரிகிற மான்கள் வழக்கமாக நிற்கிற இடத்துக்குக் கிட்ட வந்தபோது நின்றாள்.

“செவ்வாய்க்கிழமை போறம்,” என்றாள்.

“எங்க?”

“அவுஸ்ரேலியாவுக்கு. போட்டில. அப்பா, அம்மா, தம்பி, நான். வெருகலுக்கு அங்கால இருந்து ஏத்துறாங்களாம்.”

“அப்ப சோதனை?” என்றுதான் நான் முதலில் கேட்டேன். கடலைப் பற்றிக் கேட்கவில்லை.

“அப்பாட்டக் கெஞ்சினனான், சோதனை முடியும் வரைக்கும் பொறுங்கோ எண்டு. காத்து மாறினா ஏலாதாம். மண்ணெண்ணெய் இல்லாமல் நாலு மாசமா எங்கட தோணி கரையிலதான். அம்மாவுக்கு வேற வருத்தம், மருந்தும் இல்லை.”

“பிறகு ஏன்டி அங்க நிண்டு அப்பிடிச் சொன்னனீ?”

“டீச்சர் கேட்டா என்னத்தைச் சொல்லுறது? எனக்கு விருப்பமானதைச் சொன்னனான்.” மான்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஆருக்கும் சொல்லாத. சின்னம்மாவுக்கே தெரியாது. உன்ர அம்மாவுக்கும் சொல்லாத.”

“சொல்லமாட்டன்,” என்றேன்.

இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா குசினியில் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். வீட்டில் அம்மாவும் நானும்தான். சுனாமியில் அம்மா தன் தங்கையை இழந்தவர். கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அதன்பிறகு ஒருநாளும் அம்மா அந்தப் பக்கம் போனதில்லை. அது தெரிந்துகொண்டுதான் சொன்னேன். எந்த நாள், எந்தப் பக்கத்தால் என்று அம்மா கேட்டார். அதையும் சொன்னேன். சோற்றை வடித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

பயத்தில் சொன்னேன் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பயமும் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அவள் பக்கத்தில் இல்லாமல் சோதனைக்குப் போக நான் விரும்பவில்லை. அவள் எல்லாவற்றையும் விட்டுப் போய்விடுவாள், நான் இங்கே வரிசைகளில் நிற்பேன் என்ற எரிச்சலும் உள்ளே இருந்தது. அதை அப்போது நான் யாரிடமும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை காலை கிண்ணியாப் பிள்ளைதான் போன் எடுத்துச் சொன்னாள். கரையை விட்டுக் கொஞ்சத் தூரத்திலேயே படகைக் கடற்படை மறித்திருந்தது. எல்லாரையும் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். தாயையும் தம்பியையும் விட்டுவிட்டார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. அவளுக்கும் தகப்பனுக்கும் பதினாலு நாள் விளக்கமறியல்.

அம்மா வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்.

“ஆரிட்டச் சொன்னீங்கள்?” என்று கேட்டேன்.

“சொல்லவேண்டிய ஆளிட்ட.”

“அவள் சோதனை எழுத ஏலாது அம்மா.”

“அடுத்த வருசமும் சோதனை வரும்,” என்றார் அம்மா. சீப்பை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சோதனை மண்டபத்தில் அவளுடைய சுட்டெண் ஒட்டிய மேசை எனக்கு முன்னுக்கு. இணைந்த கணிதம் முதல் வினாத்தாள் அன்று மேற்பார்வையாளர் வெறும் மேசையிலும் ஒரு தாளை வைத்துவிட்டுப் போனார். மின்விசிறிக் காற்றில் அது பறக்கப் பார்த்தது. திரும்பி வந்து, அதன்மேல் ஒரு அழிறப்பரை வைத்தார். அரை மணித்தியாலம் கழிந்ததும் வந்து தாளை எடுத்து, தன் படிவத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். நான் தலையைக் குனிந்து எழுதினேன். நன்றாகவே எழுதினேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவள் வெளியே வந்தபோது முக்கியமான தாள்கள் எல்லாம் முடிந்திருந்தன. சின்னம்மா வீட்டுக்கு வராமல் நேரே ஊருக்குப் போய்விட்டாள்.

எனக்குக் கம்பஸில் இடம் கிடைத்தது. முதல் விடுமுறையில் இலங்கைத்துறைக்குப் பஸ் ஏறினேன். அவள் சந்தியில் ஒரு கொமினிகேஷன் கடையில் போட்டோக்கொப்பி அடித்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்து, கதிரையைத் தூசி தட்டிப் போட்டாள். ஒரு பையன் பழைய வினாத்தாள் கட்டொன்று கொண்டுவந்திருந்தான். அடித்து அடுக்கும்போது ஒரு தாளில் அவளுடைய கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கிளிப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

“திருப்பி எழுதன்டி,” என்றேன்.

“அம்மாவுக்குக் கிட்னி ஏலாது, கிழமையில ரெண்டு தரம் இரத்தம் மாத்தவேணும். அப்பா வழக்கு வழக்கு எண்டு அலையிறார். ஆர் என்னைப் படிக்க விடுறது?” கடையில் யாரும் இல்லாதபோது என் பக்கம் திரும்பினாள். “உண்மையைச் சொல்லு. நீ ஆருக்கும் சொன்னனியா?”

“இல்லை,” என்றேன்.

கேள்வி முடியுமுன்பே அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

“எனக்குத் தெரியும், நீ சொல்லமாட்டாய். அப்ப சின்னம்மாதான். நான் சேலையைத் திருப்பிக் குடுக்கேக்க அழுதுபோட்டன். அவ விளங்கிக்கொண்டிருப்பா. இப்ப நாங்கள் அவவோட கதைக்கிறேல்ல.”

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பஸ் வரப் போகிறது என்று சொல்லி எழும்பினேன்.

அதன்பிறகு அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவள் அங்கே இருக்கும்போது தாய் இறந்துபோனார். அவளால் வர முடியவில்லை. எங்கள் வட்ஸ்அப் குழுவில் எல்லாரும் அனுதாபம் எழுதினோம். நானும் எழுதினேன்.

இந்த வருடம் எங்கள் ஒன்பது பேரில் ஆறு பேர் ஒரு நாள் நகரத்தில் சந்தித்தோம். கிண்ணியாப் பிள்ளை கைக்குழந்தையோடு வந்தாள். வீட்டிலிருந்தே துணி விற்கிறாளாம். ஒழுங்கைக்கு இன்னும் தார் வரவில்லை என்று அவளே சொல்லிச் சிரித்தாள். தம்பலகாமத்துப் பிள்ளைக்குக் கொழும்பில் வேலை. குவைத்திலிருந்து அவள் குரலில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். “படம் எடுத்துப் போடுங்கோ. வேலை முடிஞ்சு பாப்பன்.” எல்லாரும் இரண்டு தரம் போட்டுக் கேட்டோம். அப்போது யாரோ ஒருத்தி சொன்னாள்:

“பாவம். சொந்தச் சின்னம்மாவே காட்டிக் குடுத்தா ஆர் என்ன செய்யுறது?”

எல்லாரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அந்த மனுசி அவளுக்கு இரண்டு வருடம் சோறு போட்டவர். விடியற்காலை எழும்பி எனக்கும் சேர்த்து இடியப்பம் கட்டிக் கொடுத்துவிட்டவர். நான் தலையாட்டவில்லை. அதைவிட வேறொன்றும் செய்யவும் இல்லை. வீட்டுக்கு வந்து, அவளுக்கு விடுமுறை கிடைக்கிற வெள்ளிக்கிழமை வரை பார்த்திருந்து அவளுக்குப் போன் எடுத்தேன்.

“நான்தான் சொன்னனான்,” என்றேன். “அம்மாட்ட. நாளையும் இடத்தையும் சொன்னனான். அம்மா ஆருக்கோ சொல்லியிருக்கிறா.”

அவளுக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளை அரபியில் எதையோ கேட்டுக் கத்துவது கேட்டது.

“சின்னம்மாவுக்குச் சொல்லிப்போட்டியா?” என்று கேட்டாள்.

“இல்லை.”

“முதல் அங்க போ,” என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று பின்னேரமே போனேன். அவர் கேற்றடியில் நின்று குப்பை கூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “பிள்ளை, எவ்வளவு காலம்! கம்பஸ் எல்லாம் எப்பிடி?” என்றார். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தி வைத்தார்.

“அக்கான்ர செத்தவீட்டுக்கு என்னை வரவேண்டாம் எண்டு சொல்லிவிட்டவை,” என்றார். “தெரியுமா உனக்கு? பஸ் ஏறிப் போய், சந்தியில இறங்கி, அங்கேயே நிண்டுபோட்டுத் திரும்பி வந்தனான். பெட்டி கொண்டு போறதைத் தூரத்தில நிண்டு பாத்தனான்.”

எனக்குத் தெரியாது.

“உன்னில கோவிக்கவும் ஏலாம இருக்கு,” என்றார் அவர். “நீயும் அப்ப பிள்ளைதானே. ஆனா இண்டைக்கு நீ போயிடம்மா.”

அவள் இப்போது சின்னம்மாவோடு கதைக்கிறாளாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுக்கிறாளாம். கிண்ணியாப் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் இலக்கத்தை அவள் தடை செய்துவிட்டாள். நான் திரும்ப எடுக்க முயலவில்லை.

நடந்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். செத்தவீட்டுக் கதையையும் சொன்னேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தவர், மடித்ததையே விரித்துத் திரும்ப மடித்தார்.

“அந்தக் கிழமை வேற ஒரு போட் போனது. அதில போனவையைப் பற்றி இண்டைக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்லை,” என்றார். “அவள் உயிரோட இருக்கிறாள்தானே.”

ஓம், இருக்கிறாள். பக்கத்தில் இருந்து மிச்சத் துணிகளை மடிக்கத் தொடங்கினேன்.