சக்கரமில்லாத வண்டியில் சம்பந்தி வீட்டுக்கு

நல்ல நேரம், ராகு காலம், சூலம் எல்லாவற்றையும் கிண்டல் செய்து நிறைய எழுதியிருக்கிறேன். அதைப் படித்துத் திருந்தியதாகக்கூட ஓரிருவர் சொன்னார்கள். அப்படிப்பட்ட நான், போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, தெருவில் யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வருகிற நல்ல நாளில் பயணச் சாமான் ஒன்றை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. எங்கள் விமானம் அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று வடக்கே சூலம். நாங்கள் போக வேண்டிய ஜார்ஜியாவோ லேசுப்பட்ட வடக்கு இல்லை. ஆகவே சாஸ்திரப்படி நாங்கள் வெள்ளிக்கிழமையே புறப்பட்டுவிட்டோம். கிரகங்களை ஏமாற்றுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. கிளம்புகிற அன்று அந்தப் பையை மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதில் உள்ள ஒரே சிரமம்.

போகிற காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் அந்த நாட்டில் டாக்டருக்குப் படித்தாள். கூடப் படித்த உள்ளூர்ப் பையனையே கட்டிக்கொண்டாள். இப்போது இருவரும் அவனுடைய மலைக்கிராமத்தில் இருந்துகொண்டு வைத்தியம் பார்க்கிறார்கள். கல்யாணம் என்னவோ ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் நடந்தது. மாப்பிள்ளை வந்தார். அவருடைய அப்பா அம்மா வரவில்லை. மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்கும் செண்பகத்தோப்புப் பக்கம் தென்னையும் மாவும் நாலைந்து மாடும் உண்டு என்பதால், அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் மனைவியைப் படுத்தியது அதற்குப் பிறகு வந்த வீடியோ அழைப்புகள். மகள் எப்போது பேசினாலும் ஒரு கல்சுவரை ஒட்டி நின்றுதான் பேசுவாள். வீட்டுக்குள்ளிருந்து ஒருநாளும் பேசியதில்லை. மாமியாரைக் காட்டு என்றால் அப்புறம் என்பாள். அவளுடைய இரண்டு கன்னமும் கன்றிப்போன மாதிரிச் சிவந்திருந்தன.

"மூஞ்சிய மட்டுந்தான் காட்டுதா, வீட்டக் காட்டமாட்டேங்கா. எப்படியிருக்கன்னு ஒருதடவ கேட்டா மூணு தடவ நல்லாருக்கேங்கா. நல்லாருக்கவ எதுக்குங்க மூணு தடவ சொல்லணும்?" என்றாள் மனைவி.

கேமரா சரியில்லாவிட்டால் நிறம் அப்படித்தான் தெரியும் என்று விளக்கினேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நேரில் போய்ப் பார்ப்பது, சரியில்லை என்று பட்டால் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். எனக்கும் உள்ளுக்குள் கலக்கம்தான். கலக்கம் இல்லாதவன் எதற்குப் பரஸ்தானம் வைக்கிறான்?

செவ்வாய்க்கிழமை விடியுமுன்பே கார் எங்கள் வாசலிலேயே வந்து நின்றது. ஏறினோம். மதுரை, துபாய், அங்கிருந்து ஜார்ஜியா. இறங்கி வெளியே வந்ததும் குளிர் கடித்தது. சரி, போட்டுக்கொள்ளலாம் என்று பெட்டியைத் திறந்தால் முறுக்கு இருந்தது, பால்கோவா இருந்தது, பருப்புப்பொடி இருந்தது. ராஜபாளையத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, இந்த ஊர் வெயிலில் இதை யார் கேட்கிறார்கள் என்ற ஏச்சையும் வாங்கிக்கொண்டு எடுத்த ஸ்வெட்டர், கம்பளி, குரங்குக் குல்லாய் மட்டும் இல்லை. அவை சுப வேளையில் புறப்பட்டு எதிர்வீட்டில் இருந்தன.

போனைத் திறந்ததும் எதிர்வீட்டுக்காரர் அழைத்தார். "அண்ணாச்சி, பை இங்கனதான் இருக்கு. பயணம் நல்லபடியாப் போகுதா?" என்று விசாரித்தார்.

மாப்பிள்ளை மட்டும்தான் வந்திருந்தார். மலையில் ஒரு பிரசவம், மகளால் விட்டுவிட்டு வர முடியவில்லை என்று எனக்குப் புரிகிற ஆங்கிலத்தில் சொன்னார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் பால்கோவாவைப் பார்த்தேன். அவள் சேலையில் நடுங்குவதைக் கண்டதும் மாப்பிள்ளை தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியத்தையும் சொன்னார்: "சாப்டாச்சா?" கோட்டை வாங்கிக்கொண்டாள், ஆனால் மசியவில்லை. எனக்கு ஜீப்பில் கிடந்த சாக்குப் போன்ற ஒன்று கிடைத்தது. அதில் ஆட்டு வாடை அடித்தது. ஆட்டுக்கு ஆட்சேபம் இல்லாதபோது எனக்கென்ன என்று போர்த்திக்கொண்டேன்.

நாள் முழுக்க ஏறினோம். செண்பகத்தோப்பில் வனத்துறைச் சாவடி தாண்டினால் வரும் பாதையை மோசமான பாதை என்று பல வருடமாகத் திட்டிவந்திருக்கிறேன். அதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் என்ன இருந்தது என்று தெரியாது, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சாயங்காலம் ஜீப் நின்றேவிட்டது. அந்த வருடம் பனி முந்திக்கொண்டு பெய்து, மேலே பாதை மூடியிருந்தது.

அங்கே எங்களுக்காக ஒரு பெரியவர் இரண்டு காளைகளோடு காத்திருந்தார். அவர்தான் சம்பந்தி. காளைகளுக்குப் பின்னால் ஒரு வண்டி. வண்டி என்றால் நுகத்தடி உண்டு, ஏர்க்கால் உண்டு, சக்கரம் மட்டும் கிடையாது. இரண்டு நீளமான கட்டைகளின் மேல் பலகை அடித்து, வைக்கோல் பரப்பியிருந்தார்கள். பனியில் அது சறுக்கிக்கொண்டு போகும். எங்கள் ஊரில் மாட்டுவண்டி பூட்டிப் பல காலம் ஆகிவிட்டது. டிராக்டர் வந்த பிறகு மாடு என்றால் பால் மாடுதான். வெளிநாடு வந்து மாட்டுவண்டி ஏறுவோம் என்று நினைக்கவில்லை.

ஏறி உட்கார்ந்தோம். சம்பந்தி பேசாமல் நடந்தார், மாடுகளும் பேசாமல் நடந்தன. எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. நானும் விவசாயம் பார்க்கிற சம்சாரிதான் என்று காட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நாக்கை மடக்கி, "ஹை, ஹை" என்று ஒரு அதட்டு அதட்டினேன். காளைகள் நின்று திரும்பிப் பார்த்தன. வண்டி பக்கவாட்டில் சறுக்கியது, நான் ஆட்டு வாடையோடு பனிக்குள் போனேன். இடுப்பு வரைக்கும்தான். சம்பந்தியும் மாப்பிள்ளையும் என்னை இழுத்துப் போடுவதற்குள் என் மனைவி இறங்கிப்போய், மிரண்டிருந்த காளையின் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றாள். மிச்ச தூரத்தை அவள் அதன் பக்கத்திலேயே நடந்து கடந்தாள். என்னை வண்டியில் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள்.

கிராமத்து முகப்பிலேயே மகள் ஓடிவந்தாள். என் மனைவி அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. தாடையைப் பிடித்து, ஒரு வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு அடிச்சது? சொல்லு ஏட்டி. அம்மா வந்துட்டேன்ல."

மகளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துக்கொண்டே, பின்னால் வந்து நின்ற அம்மாளைக் காட்டினாள். "பனிக்காத்தும்மா. அவியளப் பாரு." சம்பந்தியம்மாளின் கன்னம் பீட்ரூட் மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அப்படியே. ஊரே அறை வாங்கியது போல் நின்றது. கல்சுவர் விஷயமும் அப்போதே தெளிந்தது. அது மேட்டில் இருக்கும் மாதா கோயிலின் சுவர். போனுக்கு அங்கே மட்டும்தான் சிக்னல். மாமியாருக்கு முழங்கால் வலி, மேடேற முடியாது.

எனக்கு அப்போதே பாதி உயிர் திரும்பிவிட்டது. என் மனைவிக்கு அது போதவில்லை. மறுநாள் காலை சம்பந்தியம்மாளோடு தொழுவத்துக்குப் போனாள். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அந்த அம்மாள் ஒரு வாளியை நீட்டினார், இவள் வாங்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்து கறந்தாள். நானும் உதவலாம் என்று தொழுவத்துக்குள் தலையை நீட்டினேன். ஒரு மாடு உதைத்தது. வாசலில் கிடந்த கல்லில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

காரியம் முடிந்தது அன்று மதியச் சாப்பாட்டின்போதுதான். மகள் திடீரென்று அவர்கள் பாஷையில் மாமியாரைப் பிடிபிடியென்று பிடித்தாள். மாமியார் ஏதோ சமாதானம் சொன்னார். இவள் விடவில்லை. கடைசியில் அந்த அம்மாள், திருட்டுத்தனம் பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்துபோய், ஒரு மாத்திரையை எடுத்து எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி விழுங்கிக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிரஷர் மாத்திரையாம், இரண்டு நாளாக ஏமாற்றியிருக்கிறார். திட்டு வாங்கிய கையோடு மகளின் தட்டில் பெரிய துண்டாகப் பாலாடைக்கட்டியை வைத்துவிட்டுத் தலையில் ஒரு தட்டும் தட்டினார்.

என் மனைவி என் பக்கம் சாய்ந்தாள். "மாமியாரையே அதட்டுதா. இனிமே ஒண்ணுமில்லங்க" என்றாள். பிறகுதான் அவள் சாப்பிட ஆரம்பித்தாள். ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து அவள் வயிறாரச் சாப்பிட்டதை நான் அப்போதுதான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். அங்கே புகை நிஜமாகவே நிறைய இருந்தது நல்லதாயிற்று.

இரண்டு வாரம் இருந்தோம். மகளைக் கூட்டிவருவதைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசவே இல்லை. திரும்பி வரும்போது எங்கள் கன்னமும் சிவந்திருந்தது. மதுரை விமான நிலையத்தில் அழைத்துப்போக வந்த மைத்துனர், ரெண்டு பேருக்கும் வழியில் சண்டையா என்று கேட்டார்.

நாங்கள் அவர்களைப் பார்த்துவரப் போன நாட்களில் அவர்களும் எங்களை எடைபோட்டிருக்கிறார்கள் என்பது, ஊர் வந்து சேர்ந்த பிறகு மகள் போனில் பேசியபோதுதான் தெரிந்தது. எங்கோ கிடக்கும் தேசத்திலிருந்து பெண் எடுத்திருக்கிறோமே, என்ன மாதிரிக் குடும்பமோ என்று மாமியாருக்கும் கல்யாணம் ஆனதிலிருந்து ஒரே கவலையாம். இப்போது அவருக்கும் நிம்மதியாகிவிட்டதாம். அத்தோடு போனை வைத்திருக்கலாம். சம்பந்தியம்மா எங்களைப் பற்றி என்னதான் சொன்னார்கள் என்று கேட்டுத் தொலைத்தேன்.

"'உங்க அம்மா நெசமான சம்சாரி, தொழுவத்துக்குள்ள வந்ததுமே தெரிஞ்சுபோச்சு'ன்னாவப்பா," என்றாள் மகள். "பொறவு செத்த நேரம் யோசிச்சிட்டு, 'ஆமா, உங்க அப்பா என்ன வேல பாக்காவ?'ன்னு கேட்டாவ."