மூன்றாம் வாங்கின் சூடு

ஈரக் கம்பளிக் கோட்டும் காய்கிற தோல் சப்பாத்தும் சாம்பிராணியும் கலந்த ஒரு மணம். ஊர் விட்டு வந்து குடியேறிய கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் போன கத்தோலிக்கக் கோயிலை நினைத்தால் புனிதர் சுருவங்களுக்கு முன்னால் எனக்கு அதுதான் வரும். காலையில் பிரெஞ்சுப் பூசைக்கு நரைத்த தலைகள் சில. பின்னேரம் எங்கள் பூசைக்கு யாழ்ப்பாணமும் மன்னாரும் முண்டியடித்துக்கொண்டு நிற்கும். அந்த நெரிசலில் இடப்பக்கத் தூணை ஒட்டிய மூன்றாம் வாங்குக்கு, அந்த நீள மர இருக்கைக்கு, நானும் தம்பியும் ஓடுவோம். அதன் அடியால் வெந்நீர்க் குழாய் போனது. பனியில் விறைத்த கால் முதற்பாட்டு முடியுமுன் இளகிவிடும்.

அந்த இரகசியத்தைச் சொன்னவர் எங்கள் கீழ்வீட்டு மதாம் ஜினெட். கோயிலுக்கு எதிரே குடியிருந்தும் நாங்கள் அறிய ஒருநாளும் அதன் படி ஏறாதவர். ஏறாதவருக்குக் குழாய் எப்படித் தெரியும்? அதுதான் என்னை அரித்தது.

"இஞ்சத்தைச் சனம் கோயிலை விட்டுக் கனகாலம்" என்பார் அப்பா.

"உனக்கேன் உந்த விடுப்பு? தனிய இருக்கிற மனிசி, துருவித் துருவிக் கேட்டுக் கிண்டாதை" என்பார் அம்மா.

கிண்டினேன். மதாம் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தாமலே சொன்னார்: "அது எங்கள் வாங்கு. எங்கள் வீட்டுப் பிள்ளைகளே அதை நிரப்பிவிடுவோம். அப்படியும் சுவாமியார் வருசா வருசம் வீட்டுக்கு வந்து, அடுத்த பிள்ளை எப்போது என்று அம்மாவைக் கேட்பார். கடைசிப் பேற்றில் பிள்ளையோடு அம்மாவும் செத்துப்போனாள். பிறகு அவர் கேட்கவில்லை. நான் போகவுமில்லை."

ஆனாலும் பாலன் பிறந்த நத்தாரன்று அவர் தனியே இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. வாங்கில் என் கோட்டை விரித்து இடம் பிடித்துவிட்டு, ஓடிப்போய்க் கூப்பிட்டேன். நம்பமாட்டீர்கள், வந்தார். அம்மா என்னை முறைத்தபடியே ஒதுங்கி இடம் விட்டார். மதாம் சப்பாத்தைக் கழற்றி, காலுறையோடு பாதங்களைக் குழாய்ப் பக்கம் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார். மணி அடித்தது. சுவாமியார் பீடத்துக்கு வந்ததும் மதாம் எழுந்தார். "கால் சூடாகிவிட்டது. போதும்" என்று என் காதில் சொல்லிவிட்டு, நடுப்பாதையால் நிமிர்ந்து நடந்து போனார்.

மதாமும் இல்லை, அந்தப் பிரெஞ்சுப் பூசையும் இல்லை. கோயில் இப்போது அடுக்குவீடு. எவரோடும் கோபமில்லாமல் நானும் எப்போது போவதை விட்டேன் என்பது நினைவில் இல்லை. போன கிழமை அவ்வழியால் போகையில், உள்ளே எப்படி இருந்தது என்று மகள் பாதி பிரெஞ்சில் கேட்டாள். தூண், வாங்கு, குழாய் எல்லாம் சொன்னேன்.

"இவ்வளவு தெரியும். பேந்து ஏன் அம்மா போறதை விட்டனீங்கள்?"

மதாமிடமாவது ஒரு பதில் இருந்தது.

"உனக்கேன் உந்த விடுப்பு?" என்றேன். சொல்லிவிட்டு, தூண் நின்ற பக்கத்து நெடிய யன்னலைப் பார்த்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே யாரோ ஒரு பெண் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள்.