மதுரை ரயிலுக்குச் சூலம்

நண்பர்களே, விமானத்துக்கும் ரயிலுக்கும் நடுவே ஒரு முழுப் பகலாவது விடு என்று போன மாதம் இந்த மின்னஞ்சல் குழுவில் எனக்குப் புத்தி சொன்னீர்கள். விட்டேன்.

பிராங்க்பர்ட் விமானம் தாமதம்தான். ஆனாலும் இன்று காலையே மயிலாப்பூரில் மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இரவு எழும்பூரில் மதுரை ரயில். சனிக்கிழமை காலை அங்கே என் தங்கைக்கு நிச்சயதார்த்தம்.

குளித்துவிட்டு வந்து, மாமனாரிடம் டிக்கெட்டைக் கேட்டேன்.

"அதை நேத்திக்கே கேன்சல் பண்ணிட்டேன் மாப்ளே," என்றார், வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே. "இன்னிக்கு வியாழக்கிழமை. தெக்கே சூலம். நல்ல காரியத்துக்குப் போறச்சே அந்தத் திசையில கிளம்பப்படாது. நாளைக்குப் போட்டிருக்கேன். வெயிட்டிங் லிஸ்ட்தான்."

கன்ஃபர்ம் ஆன பெர்த், ஐயா!

"அப்போ நான் வந்த பிளேனுக்குச் சூலம் பாத்தேளா மாமா?"

"அது ஆகாசத்துலன்னா வரது! சூலமெல்லாம் பூமியோட சரி."

விமானம் தாமதமானால் என்ன செய்வது என்று ஆளாளுக்குப் பக்கம் பக்கமாக எழுதினீர்களே, மாமனாருக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று ஒருத்தராவது எழுதினீர்களா?