வினிகரில் ஊறிய சுரங்கப் பூ

சவேத்தா பெத்ரோவன் மதிப்பு வைத்திருந்த ஆட்கள் அந்த ஊரில் அநேகமாக யாருமே இல்லை. முப்பத்தோரு வருஷம் சுரங்கத்தின் விளக்கறையில் வேலை பார்த்தவள். காலையில் எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்து விளக்கு வாங்கிப் போகிறவர்களையும், மாலையில் அதே விளக்கைத் திருப்பித் தருகிறவர்களையும் பார்த்துப் பார்த்து, எவன் பாறையை உடைத்தான், எவன் மூலையில் சாய்ந்து தூங்கினான் என்று கையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். மேற்பார்வையாளருக்கு அவள் வைத்த பெயர் 'தொப்பி'. பாதிரியாருக்கு 'ரெண்டாவது சாப்பாடு'. சுரங்கத்தை மூடத் தலைநகரத்திலிருந்து வந்தவர்களுக்கு அவள் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

அவள் வாய்க்குத் தப்பியவர் புருஷன் கவ்ரிலா ஒருவர்தான். அதையும் அவர் உயிரோடு இருந்தவரை அவள் காட்டிக்கொண்டதில்லை.

மராமுரேஷ் மலைப்பகுதியின் அந்தச் சுரங்க ஊரில் வீட்டுக்கு வீடு கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதில் பின்னல் துணி விரித்துச் 'சுரங்கப் பூ' வைத்திருப்பார்கள். பாறைப் பிளவுக்குள் பூத்துக் கிடக்கும் படிகக் கொத்துக்குத்தான் அந்தப் பெயர். சோற்றுத் தூக்கில் ஒளித்துக் கொண்டுவந்து, யார் வீட்டுப் பூ பெரிது என்று பீற்றிக்கொள்வதில் ஆண்களுக்கு ஆயுசு போனது. கவ்ரிலா வாழ்நாளில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொண்டார். உள்ளங்கை அளவு, தேன் நிறம், கூர்கூரான பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பனியனைக் கழற்றி அதில் சுற்றி மேலே கொண்டுவந்தார். ஐம்பத்தெட்டு வயதில், நெஞ்சு நிறையக் கல் தூசியோடு போய்ச் சேர்ந்தார்.

அவர் போன நான்காம் வருஷம் நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. கல்லின் புகைப்படத்தைப் பார்த்தார்களாம், பிடித்ததாம். உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம் காட்டிப் பெயரை உறுதி செய்து, சுத்தம் பண்ணி அனுப்பினால், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கீழே 'கண்டெடுத்தவர் கவ்ரிலா பெத்ரோவன்' என்று அச்சடித்த சீட்டு வைப்பார்களாம். சவேத்தா அதை மூன்று தடவை படித்தாள். வாழ்நாள் முழுக்க வருகைப் பதிவேட்டில் வெறும் எண்ணாக இருந்த மனுஷன். அந்தச் சீட்டு அவளுக்கு வேண்டும். வேறு எதையும் அவள் இந்த உலகத்திடம் கேட்டதில்லை.

உள்ளூர் ஆசிரியர் என்றால் திபேரியு மொல்தோவன்தான். இயற்கை அறிவியல் வாத்தியார். சுரங்கத்துக்குள் ஒரே ஒரு முறை போயிருக்கிறார், அதுவும் மாணவர்களோடு சுற்றுலாவாக. அவரிடம் கற்களைக் கெட்டித்தன்மை வரிசையில் அடுக்கும், பத்துக் குழி வைத்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. மிருதுவான கல் முதல் குழியில், வைரம் பத்தாவதில். வைரத்தின் குழி காலி. வைரம் வீட்டில் பத்திரமாக இருப்பதாக இருபது வருஷமாகச் சொல்லி வந்தார். பழைய கால்சட்டையோடு பள்ளிக்கு வரும் மனுஷனின் வீட்டில் வைரம் இருப்பதாகப் பிள்ளைகளும் நம்பினார்கள். அந்தப் பெட்டியை, அதன் பக்கத்திலிருக்கும் கண்ணாடித் தகட்டை, மேசையில் இருக்கும் எதையுமே யாரும் விரலால் தொடக்கூடாது என்பது அவர் சட்டம்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தபோதே சவேத்தா கல்லை நீட்டினாள். வாத்தியாருக்குப் பார்வையாளர்கள் கிடைத்துவிட்டார்கள். கைக்குட்டையால் கல்லைப் பிடித்து, ஒரு பல்லைக் கண்ணாடித் தகட்டில் அழுத்தி இழுத்தார். வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

"பாத்தீங்களா? கண்ணாடியவே கீறுது. குவார்ட்ஸுதான் அக்கா, வேற பேச்சே இல்ல."

கவ்ரிலா குவார்ட்ஸை வீட்டு வாசற்படி ஏற விட்டதே இல்லை என்று சவேத்தா சொன்னாள். நெஞ்சுக்குள் தூசியாக ஏற்றிக்கொண்டது போதாதா, அலமாரியில் வேறு வைத்துக் கும்பிடணுமா என்று கேட்பாராம். வாத்தியார் சிரித்தார். சுரங்கத்து ஆட்களுக்குத் தோண்டத் தெரியும், பெயர் தெரியாது என்றார். பிறகு காகிதத்தில் 'குவார்ட்ஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையும் குத்திக் கொடுத்தார். முத்திரையைப் பார்த்ததும் சவேத்தா வாயை மூடிக்கொண்டாள். வாழ்நாளில் அவள் வாயை மூடியது அபூர்வம். மூடிய அந்த ஒரு தடவையும் தப்பான இடத்தில்.

ஈஸ்டருக்குப் பத்து நாள் இருந்தது. அந்த ஊரில் ஈஸ்டர் வெள்ளையடிப்போடு பூக்களையும் கழுவுவார்கள். குவார்ட்ஸ் என்றால் ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட வேண்டும், மேலே படிந்த சுண்ணாம்பு கழன்று பளிச்சென்று ஆகிவிடும். மற்றவற்றுக்குச் சோப்புத் தண்ணீரும் மெல்லிய தூரிகையும்தான். கவ்ரிலாவின் கல்லை இருபது வருஷமும் சோப்புத் தண்ணீரில்தான் கழுவினாள்; அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். இந்த வருஷம் முத்திரை குத்திய காகிதம் இருக்கிறதே. ஊறுகாய் ஜாடியில் வினிகரை ஊற்றிக் கல்லை இறக்கினாள். பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. அழுக்கு போகிறது என்று நினைத்து மூடிவைத்துவிட்டு, முட்டைக்கோஸ் இலையில் அரிசி வைத்துச் சுருட்டப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ஜாடிக்குள்ளிருந்து எடுத்தது நக்கி முடித்த சர்க்கரைக் கட்டி மாதிரி இருந்தது. கூர்கள் மழுங்கி, தேன் நிறம் போய், மேலெல்லாம் பால் படிந்தது போல மங்கல். வினிகர் தின்கிற கல் கால்சைட் என்பது அந்த ஊரில் நண்டு சிண்டுக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். புருஷன் சாவில்கூட அழாதவள் அடுப்படியில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். வாத்தியார் மேல் கோபம் அப்புறம்தான் வந்தது. புருஷன் வாயால் சொன்னதைத் தள்ளிவிட்டு ஒரு ரப்பர் முத்திரையை நம்பிய தன்னைத்தான் முதலில் அவளால் பொறுக்க முடியவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு, கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு நேரே வகுப்புக்குள் நுழைந்தாள். கல்லை மேசைமேல் வைத்தாள். வாத்தியார் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வினிகரின் தரம் இப்போது சரியில்லை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். சவேத்தா அதைக் காதில் வாங்காமல் கண்ணாடித் தகட்டைப் பார்த்தாள். அன்று விழுந்த வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது, யாரும் தொடக்கூடாதே. அவள் விரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்தாள். கோடு விரலோடு வந்துவிட்டது. தகடு புதுசு போல இருந்தது, ஒரு கீறலும் இல்லை.

"கீறுச்சுன்னீங்களே சார். கல்லுதான் தேஞ்சு மாவாக் கெடந்திருக்கு. ஒரு வாட்டி வெரல வச்சுத் தொடச்சுப் பாக்க மாட்டீங்களா? வெரல் அழுக்காயிடுமா?"

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடி சற்றுக் கெட்டியான ரகம் என்று வாத்தியார் முணுமுணுத்தார். அப்படியானால் பெட்டியில் வைரத்தின் குழியில் கண்ணாடியை வைத்துவிடலாமே என்றாள் சவேத்தா. வாத்தியார் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

கெட்டுப்போன கல்லை அருங்காட்சியகம் வாங்காது என்பது அவளுக்குத் தெரியும். அன்று மாலை தொலைபேசியில் அவர்களும் மரியாதையாக அதையேதான் சொன்னார்கள். ஆனால் அதற்கு முன்பே, வகுப்பில் நிற்கும்போதே அவள் முடிவு பண்ணியிருந்தாள். கல் இந்தப் பள்ளிக்கூட அலமாரியில் முன் வரிசையில் இருக்கும் என்றாள். சீட்டை வாத்தியாரே தன் கையால் எழுத வேண்டும் என்றாள். அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டு 'கால்சைட். கண்டெடுத்தவர் கவ்ரிலா பெத்ரோவன்' என்று அழகாக எழுதி முடித்து, பேனாவை மூடப் போனார்.

"மூடாதீங்க. அடுத்த வரி இருக்கு. கெடுத்தவர் திபேரியு மொல்தோவன்."

"அக்கா, பிள்ளைங்க இருக்காங்க..."

"அவங்க படிக்கத்தான் எழுதச் சொல்றேன். என் பேரையும் சேத்துக்குங்க. உங்கள நம்புனது நான்தானே."

அவர் எழுதினார், கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில். சவேத்தா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டாகக் கிழித்தாள். புதுக் காகிதம் ஒன்றை அவர் முன்னால் வைத்து, மேலே எழுதியதற்கும் கீழே எழுதப்போவதற்கும் எழுத்து ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று சொல்லி, முதல் பெஞ்சில் ஒரு பையனை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.