ஒருசந்தியும் ஒரு கிளாஸ் பாலும்

லீலா மேரி இதுவரை இருந்த ஒருசந்தி விரதங்களை அடுக்கி வைத்தால் ஏலாக்குறிச்சியிலிருந்து அரியலூர் வரை போகும் என்பார் அவள் கணவர் சவரியார். மகளுக்குப் பரீட்சையா, ஒருசந்தி. மழை வரவில்லையா, ஒருசந்தி. பக்கத்து வீட்டு மாடு கன்று போடத் திணறினாலும் இவள் வயிறுதான் காயும். முப்பது வருடம் அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகளுக்கு முட்டை அவித்துக் கொடுத்தவள், தான் ஒரு முட்டையை உரித்துத் தின்று அவர் பார்த்ததில்லை.

ஆறு மாதமாக அவளுக்கு நெஞ்சைப் பிசைந்தது. அரியலூர் டாக்டர் திருச்சிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஊசி போடுவார்கள். மருந்து ரத்தத்தோடு போய் இதயத் தசையில் தங்கும், கேமரா அதைப் படம் பிடிக்கும். ரத்தம் சரியாகப் போகாத இடம் படத்தில் மங்கலாகத் தெரியும். மங்கலாக இருந்தால் ஆபரேஷன், இல்லாவிட்டால் மாத்திரை. இரண்டில் எது என்று தெரியாமல் சவரியாருக்கு மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை.

கிடைத்த நாளோ தவக்காலத்து வெள்ளிக்கிழமை. ஊசி போட்ட டெக்னீசியன் கலையரசி படித்துப் படித்துச் சொன்னாள்.

"மருந்து ஈரல்லயும் போய் நிக்கும்ங்க. பாலு, முட்டைன்னு கொழுப்பா சாப்பிட்டாத்தான் எறங்கும். இல்லேன்னா இதயத்தோட அடிப்பக்கம் படத்துல தெரியாது."

ஊசி போட்டவர்களுக்குத் தனி அறை, கூட வந்தவர்கள் உள்ளே போகக் கூடாது. சவரியார் எதிர் ஓட்டலில் பாலும் இரண்டு முட்டையும் வாங்கி உள்ளே கொடுத்தனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுத்தார்கள். ஈரல்தான் பளபளவென்று தெரிந்தது, அடிப்பக்கம் தெரியவில்லை. மறுபடி பால், மறுபடி முட்டை, மறுபடி படம். அதே கதை.

"நாலு மணிக்குக் கடைசியா ஒருதடவை எடுக்கறேங்க. அப்பவும் வரலேன்னா இன்னொரு நாள் வந்து திரும்ப ஊசி போட்டுக்கணும்" என்றாள் கலையரசி.

சவரியார் நேராக ஓட்டலுக்குப் போய்ச் சண்டை பிடித்தார். "பால்ல கொழுப்பு இருக்கா, இல்ல கொழாத் தண்ணியா?" கல்லாவில் இருந்தவர் இவரை மேலும் கீழும் பார்த்தார்.

திரும்பி வந்தபோது, உள்ளறையிலிருந்து படம் எடுக்கப் போய்க்கொண்டிருந்த பாப்பாயி என்ற கிழவி அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். "பாலு, முட்ட எல்லாம் நல்லா இருந்துச்சுய்யா. ரெண்டு தடவையும் அந்தம்மா எனக்கே குடுத்துட்டாங்க. மகராசி."

சவரியாருக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. அறை வாசலில் போய் நின்று கத்தினார்.

"ஏன்டி, ஒன் நெஞ்சுக்குப் படம் புடிக்க வந்தியா, ஊருக்குப் பந்தி வைக்க வந்தியா? சீக்காளிக்கு ஒருசந்தி கெடையாதுன்னு சாமியாரே சொன்னாருல்ல?"

"இது எனக்காக இல்லைங்க" என்றாள் லீலா மேரி, தலையைத் தூக்காமல்.

"பின்ன யாருக்கு?"

"உங்களுக்குத்தான். நீங்க குடிய விட்டதுலேருந்து நான் தவக்காலத்து வெள்ளி ஒண்ணு விட்டதில்ல. இன்னிக்கு விட்டுட்டா..."

அவள் முடிக்கவில்லை. சிமெண்ட் ஆலைக்கு டிப்பர் லாரி ஓட்டிய காலத்தில் சவரியார் குடித்தது உண்மை. விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. கல்யாணம், சாவு, தேர்த்திருவிழா எதிலும் தொட்டதில்லை.

"பதினோரு வருசமா என்னைய நம்பவே இல்லியா நீ?"

"நம்புறேங்க. ஒருசந்தி இருந்தாத்தான் நம்ப முடியுது."

மணி மூன்று. சவரியார் ஓடிப்போய் மூன்றாவது முறையாகப் பாலும் முட்டையும் வாங்கி வந்தார்.

"இன்னிக்கு நான் இருக்கறேன். ராத்திரி வரைக்கும் பச்சத்தண்ணிதான், மாதா மேல சத்தியம். நீ குடி."

லீலா மேரி அவரையே பார்த்துக்கொண்டு, மருந்து குடிப்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். முட்டையையும் தின்றாள்.

நாலு மணிக்கு உள்ளே போனவள் படம் எடுத்து வெளியே வந்ததும் எப்படி வந்திருக்கிறது என்று கேட்கவில்லை. நேரே அவரிடம் வந்து, முகத்துக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

ரத்தம் எங்கே போகிறது என்று காட்ட இவ்வளவு பெரிய கேமரா வைத்திருக்கிறார்கள். ஒருவன் குடிக்கவில்லை என்று அவன் பெண்டாட்டிக்குக் காட்ட ஒன்று இல்லையே என்று சவரியாருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அரை மணி நேரத்தில் கலையரசி வந்தாள். "படம் தெளிவா இருக்குங்க. டாக்டர் பாத்துட்டாரு. ரத்தம் நல்லாத்தான் போவுதாம், மாத்திரை போதும்னாரு."

லீலா மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். சவரியாருக்குப் போன உயிர் திரும்பியது. அப்போதுதான் அவள் அவர் கையைப் பிடித்துச் சொன்னாள்.

"வர்ற வெள்ளிக்கிழம நானே இருந்துக்கறேங்க. நீங்க சாப்புடுங்க."