கொக்கியால் படம் வரைந்த பெண்

1982 ஆகஸ்ட். சனிக்கிழமை, காலை 5.40.

பாரிமுனையிலிருந்து ஆரணிக்கு டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். "ஜல்தி ஏறுங்க சார், படியில நின்னுகினு என்ன யோசனை?" என்று கண்டக்டர் விரட்டினார். யோசனை இல்லாமலா? சட்டைப் பையில் ஒரு போஸ்ட்கார்டு உட்கார்ந்து என்னைக் குடைந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அமெரிக்காவின் நெசவாலைப் பெண்களைப் பற்றிய ஒரு வரலாற்று நூலை இரண்டு வருடமாகத் தமிழாக்கம் செய்துகொண்டிருந்தேன். அந்த ஊரில் பெரிய பரிசு வாங்கிய நூல். அமெரிக்க வரலாறு என்றால் ஜனாதிபதிகளும் போர்களும்தானே என்று அலட்சியமாகத்தான் திறந்தேன். அடடா! ஜனாதிபதிகள் எட்டிப் பார்ப்பதோடு சரி. முழுக்க முழுக்க பண்ணை வீடுகளிலிருந்து ஆலைக்குக் கிளம்பிப் போன பெண்கள், அவர்கள் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு. இது தமிழில் வந்தே தீரவேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

ஆலை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பெண் படம் வரைவதாக வரும் அத்தியாயத்தைப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். அதைப் படித்துவிட்டு ஆரணி சேவூரிலிருந்து எஸ்தர் என்ற வாசகி போட்ட கார்டுதான் என் பையில் இருந்தது: "ஐயா, உங்கள் பெண் படம் வரையவில்லை. அச்சு பிணைக்கிறாள். எழுதினால் புரியாது. நேரில் வந்து பாருங்கள்."

அச்சு என்றால் புத்தகம் அச்சடிப்பது. பிணைப்பது என்றால் பைண்டிங். நெசவாலையில் பைண்டிங் எங்கே வந்தது? சிரித்துவிட்டுத் தூக்கிப் போட்டிருப்பேன். ஆனால் என் புத்தகத்தின் தலைப்பே "ஆலையில் ஓவியப் பெண்கள்". அட்டையில் தூரிகையோடு ஒரு பெண். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இயந்திரம் ஓடும் என்று அச்சகக்காரர் சொல்லிவிட்டார். எஸ்தர் சொல்வது நிஜமானால் ஊர் சிரிக்கும்.

காலை 10.15, ஆரணி.

ஊருக்குள் நுழையும்போதே சாயத் தண்ணீர் வாசனை. கயிற்றில் காயும் பட்டு நூலைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருடமாகக் காகிதத்தில் இருந்ததெல்லாம் கண்ணெதிரில் காய்கிறதே! ஒரு டீ அடித்துவிட்டு டவுன் பஸ் பிடித்தேன். சேவூருக்கு நாற்பது காசு.

காலை 11.00, சேவூர்.

மாதாகோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு. வாசலில் எஸ்தரின் கணவர் மோசஸ் நின்றிருந்தார். "மெட்ராஸ்காரர் வந்துட்டாரு!" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

"உள்ள வாங்க சார். எழுந்தா இழை தப்பிடும், தப்பா நெனைக்காதீங்க." தறிக்குள் உட்கார்ந்திருந்த எஸ்தருக்கு நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் கொட்டாங்கச்சியில் சாம்பல். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவில் மிச்சமிருந்த இழை ஒன்று, புதுப் பாவின் இழை ஒன்று, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு. அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. அடுத்தது. அடுத்தது. என் கண்ணால் அந்தக் கையைத் தொடர முடியவில்லை.

"இந்தச் சீப்பு மாதிரி இருக்குதே, இதாங்க அச்சு. இதுல நான் பண்றதுதான் பிணைக்கிறது."

எனக்கு முகம் சுண்டிவிட்டது.

"புது அச்சுன்னா இப்படி முறுக்க முடியாதுங்க. கொக்கியால ஒவ்வொரு இழையா, இதோ தொங்குதே இந்த நூல் கண்ணி, விழுது, அதுக்குள்ள இழுத்து, அப்புறம் அச்சுக்குள்ள இழுக்கணும். உங்க அமெரிக்காப் பொண்ணு ஜன்னலாண்ட உக்காந்துகினு அதைத்தானே பண்றா? கொக்கியை வெச்சுகினு யாருங்க படம் வரைவாங்க?"

மோசஸ் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் காலத்தில் ஓவியத்துக்குக் கொக்கி பயன்பட்டது என்று அடிக்குறிப்பு வேறு போட்டிருந்தேன் நான்!

"இங்கிலீஷ்ல என்ன வார்த்தைங்க?"

"டிரா."

"டிரா வாட்டர்னு கெணத்துப் பாடத்துல வந்துதே, ஆறாம் கிளாஸ்ல. இழுக்கறதுதானே?"

எம்.ஏ. ஆங்கிலம் படித்தவன் நான். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். மூவரும் சிரித்தோம். சிரித்ததில் எஸ்தருக்கு ஒரு இழை தப்பிவிட்டது. "பேஜாரு!" என்று அதைத் தேடி எடுத்தார்.

பிற்பகல் 1.30.

மோசஸ் சோறு போட்டார். அதற்குப் பிறகு கையோடு கொண்டுவந்திருந்த ப்ரூஃபை எடுத்து உரக்கப் படித்தேன். எஸ்தர் பிணைத்துக்கொண்டே கேட்டார். இருபது இடத்தில் நிறுத்தித் திருத்தினார். நான் "குறுக்கு நூல்" என்று எழுதியது "ஊடை" ஆயிற்று. வீட்டை விட்டு வந்த பெண் ஒருத்தி, ஆலைச் சத்தம் இரவிலும் காதில் கேட்கிறது என்று அம்மாவுக்கு எழுதிய இடம் வந்தது. எஸ்தரின் கை நின்றது.

"அவ பேரு என்னங்க?"

சொன்னேன்.

"இத்தனை பேரோட பேரும் அந்த எழுத்தாளருக்கு எப்படிக் கெடைச்சுது?"

"கடிதங்களிலிருந்து. அது இல்லாதவர்களுக்கு ஆலை ரிஜிஸ்டர்தான். யார் எந்த வேலை செய்தார்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள்."

எஸ்தர் அடுத்த இழையை எடுத்து முறுக்கினார். "எங்க நெசவாளர் சொசைட்டி ரிஜிஸ்டர்ல இவர் பேருதான் இருக்குது. பதினெட்டு வயசுலேர்ந்து பிணைக்கிறேன். நாளைக்கு எவராவது வந்து தேடினா நான் கெடைக்கவே மாட்டேன்."



"முன்னுரையில் உங்களுக்கு நன்றி சொல்லலாமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று கூச்சப்படுவார் என்று நினைத்தேன்.

"போடுங்க. முழுசாப் போடுங்க" என்றார். நோட்டில் நான் எஸ்தர் என்று எழுதியதைப் பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டார். முதல்முறையாக வேலையை விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாக எழுதினார்: "ஞா. எஸ்தர், சேவூர், ஆரணி. தொழில்: அச்சு பிணைத்தல்."

"ஒரு எழுத்தும் விட்டுடாதீங்க சார்."

மாலை 4.20.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம். என் மனைவியின் கல்யாணப் புடவை ஆரணிப் பட்டு. கடையின் பெயர் எனக்குத் தெரியும், விலையும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக, எப்போது திங்கட்கிழமை விடியும் என்று இருந்தது.

திங்கள் காலை அச்சகத்தில் பெரிய சண்டை. அட்டை போயிற்று, தலைப்பு போயிற்று, அடிக்குறிப்பு ஒழிந்தது. அச்சகக்காரர் கத்தி ஓய்ந்தபின், "சரி, எங்கிருந்து ஆரம்பிக்கணும்?" என்று எழுத்துக்கோப்பவர் கேட்டார். நோட்டைப் பிரித்து, எஸ்தர் எழுதிய அந்த ஒரு வரியை முதலில் கோக்கச் சொன்னேன்.