பட்டமும் போத்தல் மீனும்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றின் பங்களாவுக்கு ஒரு வெள்ளைக்கார விஞ்ஞானக் குடும்பம் விருந்துக்கு வந்து இறங்கியது. ஐயா மேகத்துக்கு மேலே உள்ள காற்றை ஆராய்கிறவர். அம்மா ஆழ்கடல் மீனை ஆராய்கிறவர். இடையில் கிடக்கும் பூமியை இருவரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. கல்யாண வயதில் ஒரு மகள். பெற்றோர் சொல்லச்சொல்ல எழுதுவது அவள் வேலை.

நான் அப்போது பதுளைக் கடைத்தெருவில் தையற்காரன். ஆள் உயரத்துக்குப் பெட்டி மாதிரி ஒரு பட்டம் தைக்க என்னை வண்டி வைத்து வரவழைத்தார்கள். அதன் வயிற்றில் சூட்டையும் ஈரத்தையும் தானே பதியும் கருவியொன்றைக் கட்டினார்கள். நூலுக்குப் பதில் மெல்லிய இரும்புக் கம்பி.

காற்று பலமாக வீசிய காலையில் மலையுச்சியில் பறக்கவிட்டார்கள். தோட்டத்துரை கொழுந்து பறிக்கிறவர்களில் பாதிப் பேரைக் கம்பி பிடிக்க அனுப்பியிருந்தார். தைத்தவன் என்று என்னை முன்னால் நிறுத்தினார்கள். பட்டம் மேகத்துக்குள் புகுந்ததும் ஒரே இழுப்பு. எல்லோரும் கம்பியை விட்டார்கள். நான் விடவில்லை. விசுவாசம் ஒன்றுமில்லை, விரலில் சுற்றிக்கொண்டது. கம்பி அறுவதற்குள் உள்ளங்கை கிழிந்துவிட்டது.

விஞ்ஞானி ஓடிவந்தார். என்னைத் தாண்டி ஓடினார்.

"கருவி எந்தப் பக்கமா விழுந்துச்சுன்னு துரை கேக்குறாரு" என்று விஞ்ஞானியின் பேச்சைத் தமிழில் சொன்னார் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை.

"என் கையைப் பாருங்கய்யா."

"பாத்தாச்சு. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

பங்களா வராந்தாவில் போத்தல் போத்தலாகச் சாராயத்தில் கறுப்பு மீன்கள் ஊறின. உடம்பைவிட வாய் பெரிது. பக்கத்தில் ஒரு தகரம் நிறையப் புதுச் சாராயம். காயம் கழுவக் கொஞ்சம் கேட்டார் கணக்கப்பிள்ளை. மீன் ஆராயும் துரைசானி நெடுநேரம் ஏதோ சொன்னாள். அவர் அதைச் சுருக்கினார்: "அது மீனுக்காம். கெட்டுப்போயிருமாம்."

"மீனு செத்துத்தானேங்க கெடக்கு?"

இதை அவர் துரைசானிக்குச் சொல்லவில்லை.

மகள் பென்சிலை வைத்துவிட்டு எழுந்தாள். தகரத்தைத் தூக்கி என் கையில் தாராளமாக ஊற்றினாள். நான் அலறினேன். தாய் அதட்டினாள், மகள் திரும்பிப் பார்க்காமல் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, பட்டத்தில் மிஞ்சிய பட்டுத்துணியால் கட்டுப் போட்டாள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன். "நீ கேக்கக்கூடாதது" என்றார் கணக்கப்பிள்ளை.

கருவி பழுதில்லாமல், மழைத்தண்ணீர் வடியும் ஒரு கானுக்குள் கிடைத்தது. விஞ்ஞானி சந்தோஷத்தில் எல்லோருக்கும் தேநீர் கொடுக்கச் சொன்னார். பறித்தவர்களுக்கே தேநீர். சாராயம் போதாமல் ஒரு மீன் மட்டும் அழுகி, நாற்றம் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரைக்கும் போனது.

என் சுண்டுவிரல் இன்றும் மடங்காது. சில மாதம் கழித்து இன்னொரு பட்டம் தைக்க ஆள் வந்தது.

"கை இன்னும் ஆறலைங்க" என்று சொல்லியனுப்பினேன். ஆறித்தான் இருந்தது.